நாலு செகண்ட்

"இன்னும் கொஞ்சம் பலமா அடிக்கக் கூடாதா தம்பி?"

வல்லரசு டிரம்ஸ் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் கோதண்டபாணியைப் பார்த்தான். கிண்டல் செய்கிறாரோ என்று தோன்றியது. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

சத்தம் தாங்காமல் மூன்று ஊரில் துரத்தப்பட்ட ராக் குழு அது. வளவனூரில் ஒருவர் ஃபியூஸைப் பிடுங்கிக் கரும்புக் காட்டில் வீசினார். 'அவுட்டர் சிக்னல்' என்று பேர் வைத்த ராசியோ என்னவோ, எங்கே போனாலும் ஊருக்கு வெளியிலேயே நிற்க வேண்டியிருந்தது.

திண்டிவனத்தில் கோதண்டபாணி தானாகக் கூப்பிட்டு இடம் கொடுத்தார். மாடி வீடு. கீழே மல்லாட்டை மூட்டை அடுக்கும் கடலைக் கிடங்கு; வாசிக்க இடம் அதில்தான். வாடகை வேண்டாம் என்றுவிட்டார்.

"வூட்ல யாருக்கும் தொந்தரவு இல்லீங்களே?" என்று முதல் நாளே வல்லரசு கேட்டான்.

"நான் ஒண்டி ஆளு. பொண்ணு சென்னையில ஹாஸ்டல்ல இருக்குது. நீங்க பாட்டுக்கு வாசிங்க."

"ஆளுக்குக் காது செவுடா இருக்கும்டா," என்றான் பாஸ் கிட்டார் வாசிக்கும் ஜெகதீசன்.

பாடகன் அலெக்ஸ் விசாரித்து வைத்திருந்தான். "பக்கத்து வூட்டோட வேலித் தகராறு. அந்தாளத் தூங்க விடாம பண்ணத்தான் நம்மள உக்கார வச்சிருக்காரு."

"வெட்டுக்குத்துல மாட்டி வுட்றாதீங்கடா," என்றான் வல்லரசு.

வேறு போக்கிடம் இல்லை. வெள்ளிக்கிழமை அலெக்ஸ் கத்தாருக்கு விமானம் ஏறுகிறான். அதற்குள் முதல் ஆல்பம் முடியாவிட்டால் இந்தக் குழு இல்லை. எட்டுப் பாட்டு முடிந்துவிட்டது. கடைசிப் பாட்டு மட்டும் படியவில்லை.

அந்தப் பாட்டின் நடுவில் எல்லாம் சட்டென்று நிற்கும். வல்லரசு சிம்பல் தட்டைக் கையால் பிடித்து அமர்த்துவான். நாலு செகண்ட் காதுக்குள் ரீங்காரம் மட்டும் இருக்கும். பிறகு அவன் ஓங்கி ஓர் அடி அடித்துத் தொடங்கி வைப்பான்.

பதினோரு டேக் எடுத்தார்கள். பதினோரு முறையும் கோதண்டபாணி மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். இவர்கள் வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். நிறுத்தும்போது அவர் கை படிக்கட்டுக் கம்பியை இறுக்கிப் பிடிக்கும். அந்தக் கையைப் பார்க்க வல்லரசுக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு டேக் வேண்டும் என்றான் அலெக்ஸ். கோதண்டபாணி எழுந்து வந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. நடுவுல பொசுக்குனு வுட்டுட்றீங்களே, அதான் சகிக்கல."

"அது ஒரு எஃபெக்டுங்க."

"எஃபெக்டெல்லாம் எனக்குத் தெரியாது. வுடாம வாசிக்கிறதுன்னா வாசிங்க. இல்லன்னா இப்பவே சாமானக் கட்டுங்க."

குரல் உயரவில்லை. வெளியில் டவுன் பஸ் ஒன்று நின்று கிளம்பியது. ஜெகதீசன் வல்லரசின் பக்கம் குனிந்தான்.

"ஓசியில எடம் குடுத்த ஆளு. ஒரு வாட்டி அவரு சொல்றாப்ல வாசிச்சிட்டுப் போயிடலாம். அதான் பதினொண்ணு கையில இருக்குதே, ஒண்ணு தேறாதா?"

பன்னிரண்டாவது டேக்கை நிறுத்தாமல் வாசித்தார்கள். கோதண்டபாணி தலையை ஆட்டினார். சாமானை வண்டியில் ஏற்றும்போது ஆளுக்கொரு கலர் சோடா கொடுத்தார். "இனிமே வர்ற வேலை இல்லியே?" என்று இரண்டு முறை கேட்டார்.

மூன்றாம் நாள் காலை, விழுப்புரத்தில் தண்டவாளத்தை ஒட்டிய அறை. பதிவு செய்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் கோத்துப் பாட்டாக்கித் தருகிற ஆரோக்கியசெல்வி, வல்லரசைப் பார்த்ததும் ஏசத் தொடங்கினாள்.

"ஏன்டா, நாலு செகண்ட் வாய மூடிக்கினு இருக்க முடியாதா? எந்த டேக்க எடுத்தாலும் அந்த எடத்துல யாரோ பேசிக்கினு இருக்காங்க."

"யாரும் பேசலக்கா."

"பின்ன, மல்லாட்டை மூட்டையா பேசுச்சு? பொம்பளப் புள்ளயக் கூட்டிக்கினு வந்து உக்கார வச்சா இப்பிடித்தான்."

"பொம்பளப் புள்ளயா? நாங்க மூணு பேருதான்க்கா."

செல்வி திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு மற்ற மைக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, கிடங்கின் கூரையை ஒட்டிக் கட்டியிருந்த மைக்கை மட்டும் வைத்துக்கொண்டாள். ஹெட்போனை அவன் காதில் மாட்டிச் சத்தத்தைக் கூட்டினாள்.

மூன்றாவது டேக். பாட்டு நின்றது. 'அண்ணா' என்றது ஒரு பெண் குரல். அதன் மேல் வல்லரசின் அடி விழுந்தது.

ஏழாவது டேக். 'அண்ணா, மேல பூட்டி...' மறுபடியும் அவனுடைய அடி.

"நீங்க நிறுத்தறதுக்குக் காத்துக்கினு இருந்து பேசுதுடா," என்றாள் செல்வி.

ஒரு ரயில் போனது. வல்லரசு ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். பிறகு அவள் பதினோராவது டேக்கை ஓடவிட்டாள். கிட்டார் நின்றது. டிரம்ஸ் நின்றது.

"அண்ணா, அடுத்த வாட்டி இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்துங்க."