மருந்து படாத காய்

வெள்ளைச் சட்டைக்காரர் குந்தி உட்கார்ந்து, கூடையில் இருந்த கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஓட்டை இல்லாததை ஒதுக்கினார். ஓட்டை விழுந்ததை, நகை எடுக்க வந்தவரைப் போல, தாம் கொண்டுவந்திருந்த பெட்டிக்குள் மெல்ல வைத்தார்.

ராஜையன் பார்த்துக்கொண்டு நின்றான். விடியற்காலையில் பாறசாலையிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்த மூன்று கூடைகள். நகரத்து ஆரியசாலைச் சந்தையின் மொத்த வியாபாரக் கடைகளில் ஒன்றுகூட அவற்றை வாங்கவில்லை.

“ஓணத்துக்கு எவன்வே ஓட்டைக் கத்தரிக்கா வாங்குவான்?” என்று கடைசிக் கடைக்காரர் வன்னியபெருமாள் சிரித்திருந்தார். “புழுவுக்கும் சேத்து வெல கேக்கீரோ?”

அந்தக் கடைக்கு எதிரே, சந்தின் ஓரத்தில்தான் இப்போது புருஷனும் பெண்டாட்டியும் கூடைகளோடு நின்றார்கள். இன்று விற்காவிட்டால் நாளை மறுபடி பூச்சிமருந்து அடிப்பது என்று முடிவாகியிருந்தது. மருந்து தெளிக்கும் எந்திரத்தை ராஜையனின் மச்சான் முந்தின நாளே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

தாசம்மாள் அந்த எந்திரத்தின் பக்கமே போகவில்லை. போன சாகுபடியில் மருந்து கலக்கியவள் அவள். வாயில் நுரை தள்ளி வரப்பிலேயே விழுந்து, ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தாள். பிழைத்து வந்தபோது கை நடுக்கமும் கூட வந்தது. “இந்தத் தடவ நானே கலக்கி நானே அடிக்கேன்” என்று ராஜையன் சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை.

“மருந்தே அடிக்கலியா?” என்று கேட்டார் வெள்ளைச் சட்டைக்காரர்.

“ஒருக்கா கூட இல்ல சாரே. சாணியும் சாம்பலும்தான். வேணும்னா வேதப்புஸ்தகத்துல அடிச்சு சத்தியம் பண்ணுதேன்.”

“சத்தியம் எதுக்கு? எழுதித் தந்தாப் போதும்.” அவர் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். “பேரு, ஊரு, மருந்து அடிக்கலேங்கியது. நாளைக்கு ஒருத்தனும் சந்தேகப்படப்பிடாதுல்லா.”

ராஜையனுக்கு எழுத வராது. தாசம்மாள், அவர் பார்த்து முடித்துக் காலியான கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் பலகைத் துண்டை வைத்து எழுதினாள். எழுத்துகள் காற்றில் ஆடும் கொடிகளைப் போல வளைந்து வளைந்து போயின. ‘இந்தக் காயில் விஷம் இல்லை’ என்று, யாரும் கேட்காத ஒரு வரியையும் கடைசியில் சேர்த்தாள்.

வாங்கிப் படித்தவர், அந்தக் கடைசி வரி மறையும்படி தாளை மடித்தார். “கொள்ளாம், நல்லாருக்கு. கீழ மலையாளத்துல நான் எழுதிக்கிடுதேன்.”

“எல்லாம் எடுப்பியளா சாரே?” என்று கேட்டான் ராஜையன்.

“ஓட்டை விழுந்தது அத்தனையும். இனி பத்து நாளும் புதுசு புதுசா வேணும். புழுவத் தட்டி விட்டுராதீரும்.”

ராஜையன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான். “மச்சான்ட்ட எந்திரத்தக் கொண்டு போகச் சொல்லிருவோம், கேட்டியா?” என்றான் மனைவியிடம்.

எதிர்க் கடையிலிருந்து வன்னியபெருமாள் எட்டிப் பார்த்தார். “என்ன மொதலாளி பாக்கிய?” என்றாள் தாசம்மாள். “வெவரம் உள்ளவங்களும் ஊருல இருக்காவ.” பிறகு வெள்ளைச் சட்டைக்காரரிடம் தணிந்த குரலில் கேட்டாள். “வீட்டுல ஆருக்காவது சொகமில்லியா சாரே?”

“வீட்டுக்கு இல்லம்மா. ஓணம் எக்ஸிபிஷனுக்காக்கும். நீங்க எழுதினதயும் பெரிசாக்கிக் காய்க்குப் பக்கத்துல ஒட்டி வைப்போம். ஆயிரக்கணக்குல ஜனங்க வந்து படிக்கும்.”

தாசம்மாளுக்குக் கண் கலங்கியது. நகரத்துப் பெண்கள் விளக்கு வெளிச்சத்தில் வரிசையாக நின்று, அவளுடைய நடுங்கும் எழுத்துகளை வாய்விட்டுப் படிப்பது தெரிந்தது. இனி யாரும் எந்த வரப்பிலும் விழமாட்டார்கள் என்று தோன்றியது.

“நாங்களும் வந்து பாக்கலாமா சாரே? எந்தக் கடைன்னு கேக்கணும்?”

“கேக்கவே வேண்டாம், வாசல்லியே மொத ஸ்டாலு.” அவர் சுமைகூலிக்காரனைக் கைதட்டி அழைத்தபடியே சொன்னார்.

“பூச்சிமருந்துக் கம்பெனி.”