பன்னிரண்டு மணி வரைக்கும்

"ஆட்டோவத் திருப்பி அனுப்பச் சொன்னதே நான்தாங்க்கா. அவசரப்படாம ஒக்காருங்க, பேசுவோம்."

சொல்லிவிட்டு, தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசைவீட்டு வாசலில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் தானே முதலில் உட்கார்ந்தான் பிரதாப். பிரதேச சபை உறுப்பினர். வரப்போகும் தேர்தலிலும் இந்த வட்டாரத்துக்கு ஆளுங்கட்சி அவனைத்தான் நிறுத்தியிருந்தது.

நாகலெட்சுமி உட்காரவில்லை. நல்ல சேலை கட்டி, கைப்பையும் குடையுமாகப் புறப்பட்டு நின்றாள்.

"பன்னெண்டு மணியோட வேட்புமனு முடியுது. நான் நுவரெலியா கச்சேரிக்குப் போவணும்னு தெரிஞ்சேதானே தம்பி ஆட்டோவ அனுப்பிட்டீங்க?"

"தெரிஞ்சேதான்" என்று சிரித்தான்.

மணி பத்தே கால். சுயேச்சைக் குழுவின் மனுவைக் குழுத் தலைவர் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு நேரில் போய்க் கொடுக்க வேண்டும். தலைவி இந்த லயத்தைத் தாண்டாவிட்டால் குழுவே கிடையாது. அந்தத் தலைவி யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. சமையல் குசினிகளை இடிக்க வந்த பெக்கோ இயந்திரத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள் இவள்தான்.

போன வருஷம் சபை ஒரு சட்டம் கொண்டுவந்தது. மலைச்சரிவில் கட்டுவதானாலும் கூட்டிக் கட்டுவதானாலும் காணி உறுதி வேண்டும், மண்சரிவு அறிக்கை வேண்டும். லயத்தில் யாரிடம் இருக்கிறது காணி உறுதி? தகரம் போட்டு இறக்கியிருந்த பதினாலு குசினிகள் ஒரே காலையில் தரைமட்டமாகின. அதே சரிவின் உச்சியில் ஐந்து மாடி ஹோட்டல் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.

"வெலகிக்கங்கக்கா. குசினியத் திரும்பக் கட்ட நானே பர்மிட் எடுத்துத் தாறேன்."

"எனக்கு மட்டுமா, பதினாலு பேருக்குமா?"

"மொதல்ல ஒங்களுக்கு."

"அப்ப வேணாம்."

"கொழும்புக் கடையில நிக்கிற ஒங்க மகனுக்கு சபையில ஒரு வேல?"

"எதுக்கு? இன்னொருத்தன் குசினிய ஒடைக்கவா?"

பிரதாப்புக்குக் கோபம் வரவில்லை. பேச்சு நீளட்டும், அதுதானே வேண்டும். தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டான். அவள் கைப்பையை வைத்துவிட்டு உள்ளே போய், இஞ்சி தட்டிப் போட்டு, ஆற அமர ஊற்றிக்கொண்டு வந்தாள். ஆளுக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு என்று நினைத்துக்கொண்டான்.

"மேல ஹோட்டலுக்கு மட்டும் எப்பிடித் தம்பி அனுமதி?"

"அது விசேஷ அனுமதிங்க்கா. அபிவிருத்தி. நாலு பேருக்கு வேல வரும்."

"மழைக்கு மண்ணு எறங்குனா அங்க தங்குற வெளிநாட்டுக்காரங்க பிளேன் ஏறிப் போயிருவாங்க. கீழ படுத்திருக்கிறது நாங்க. அந்த மண்சரிவு அறிக்கையில நாங்க இருக்கோமா?"

அவன் தேத்தண்ணியை உறிஞ்சினான்.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதாங்க்கா. என் மாமியா குசினியும் அந்தப் பதினாலுல ஒண்ணு. நான் தடுத்தேனா?"

"தடுக்கல. நாலாவது காம்பரா வீட்டு வாசல்ல ஒங்க மாமியா குடையப் பிடிச்சிக்கிட்டு சோறாக்குறாங்க. லோஜினி ஒண்ணும் கேக்கலையா ஒங்கள?"

"என் பொண்டாட்டியா? ஒரு வார்த்த கேக்கல. நான் செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு இருக்கிறவ." பெருமையாகவே சொன்னான்.

பதினொன்றரை ஆனது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்றார்கள். வேடிக்கை பார்க்க ஆள் கூடியதும் பிரதாப்பின் குரல் மாறியது.

"நாளைக்கும் இதே தோட்டத்துல வேல செய்யணும், ஞாபகம் வச்சிக்கங்க. வேல குடுக்கிற கண்டாக்கு ஐயா நம்ம ஆளு."

"பெக்கோவுக்கு முன்னால ஒக்காந்தவ தம்பி நான். கண்டாக்குக்கா பயப்படுவேன்?" நாகலெட்சுமியின் குரல் லயத்துக் கடைசி வரைக்கும் கேட்டது. "எங்க பாட்டன் காலத்துலருந்து நில்லுன்னா நின்னோம், போன்னா போனோம். எங்க அடுப்பு எங்க இருக்கணும்னு எவனோ சட்டம் போட்டான். இனி அந்த மேசையில நாங்களும் ஒக்காருவோம். எங்களக் கேக்காம ஒரு கல்லும் ஏறாது, ஒரு தகரமும் எறங்காது!"

"ஒக்காருங்க, ஒக்காருங்க. மொதல்ல மனுவக் குடுக்கணுமே!"

அவன் சிரித்த சிரிப்புக்கு யாரும் கூடச் சிரிக்கவில்லை.

பன்னிரண்டைத் தாண்டி ஐந்து நிமிஷம் ஆனதும் எழுந்து காற்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"கச்சேரியில கதவச் சாத்தியிருப்பாங்க. நிம்மதியாக் கொழுந்து பறிங்கக்கா. நான் வாறேன்."

நாகலெட்சுமியின் போன் ஒரு தடவை கிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

"இப்பத்தான் தம்பி நிம்மதி. நீங்க கச்சேரிப் பக்கம் போயிருவீங்களோன்னுதான் இவ்வளவு நேரமும் பயந்துகிட்டு இருந்தேன். மனுவ ஏத்துக்கிட்டாங்களாம்."

"யாரு குடுத்தா? தலைவி நீங்க இங்க இருக்கீங்களே?"

"நான் எங்க தம்பி தலைவி? மனுவக் குடுத்த தலைவியும், இந்த வட்டாரத்துல ஒங்கள எதுத்து நிக்கிறதும் லோஜினி."