அமைதியான வார்டு

மருத்துவமனையின் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் ஒவ்வொரு பிரிவுக்கும் விலான் என்று தனிப் பாதை உண்டு. எல்லாம் ஒரே ட்ரங்க் கேபிளில்தான் மாடியேறும். சும்மா கிடக்கும் விலான்களை அதிலிருந்து கழிக்கும் வேலையைக் காலையிலேயே தொடங்கிவிட்டார் நெட்வொர்க் இன்ஜினீயர்.

"நாப்பதாம் நம்பர் எதுக்கு சார்?" என்றாள் உதவியாளர்.

"பேர்கூட போடல. பார்த்த வரைக்கும் அதுல ஈ காக்கா இல்ல. தூக்கிடு."

"வார்டுல ஒரு வார்த்தை கேட்டுடலாமே?"

"கேட்டா எல்லாமே வேணும்பாங்க. தூக்கும்மா."

தூக்கினாள். மற்றவை ஓடுவதை இருவரும் சரிபார்த்தார்கள். எங்கிருந்தும் புகார் இல்லை.

சாப்பாட்டு வேளையில் அவர் பிரசவ வார்டுக்குப் போனார்.

"இன்னைக்கு நிம்மதி சார்," என்று நர்ஸ் சிரித்தாள். "பேஷன்ட் கூப்பிடுற மணியெல்லாம் போன வாரம் உங்க நெட்வொர்க்குக்கு மாத்திட்டுப் போனாங்க இல்ல, காலையிலேர்ந்து ஒண்ணுகூட அடிக்கல. உங்க வீட்டம்மாவும் அசந்து தூங்குறாங்க போல."

அவர் ஓடினார்.

நேற்றுப் பிள்ளை பெற்றவளின் படுக்கை விரிப்பு தரைவரை சிவந்திருந்தது. விறைத்துப்போன கட்டைவிரல் மணிப் பொத்தானை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.