யார் கேட்டாலும்

கையில் மஞ்சள் செவ்வந்தித் தொட்டியுடன் நின்ற அந்த மனிதனை லோர்னாவுக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. மாவட்ட ஆவண அலுவலகத்துக்குப் பூவோடு யார் வருகிறார்கள்?

"மார்லா கெல்சோன்னு பேரு மேடம். இந்த மாவட்டத்துலதான் எங்கயோ வீடு வாங்கியிருக்கா. விலாசம் வேணும்."

ஏன் என்று லோர்னா கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. சொத்து, வழக்கு, சிறை எல்லாமே பொது ஆவணம். யார் கேட்டாலும் காட்ட வேண்டும். இருபத்தாறு வருடமாக அவள் அப்படித்தான் காட்டி வருகிறாள்.

சொத்துப் பதிவில் அந்தப் பெயர் இல்லை. அவன் முகம் வாடிவிட்டது. தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான். லோர்னாவுக்குப் பாவமாக இருந்தது.

"பழைய காதலியா தம்பி?"

"பொண்டாட்டி மேடம். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. தப்பு எம்மேலதான்."

பக்கத்து மேசையில் பெக்கியின் போன் அடித்தது. சிறை பற்றிய விசாரிப்பெல்லாம் பெக்கியின் வேலை. இன்று அவள் விடுப்பு. அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டாள் லோர்னா.

"சோர்ந்து போகாதீங்க. பேர மாத்தியிருப்பாங்க. அதுக்கும் கோர்ட்டுல மனு போட்டாகணும். அந்த மனுவும் நம்மகிட்டத்தான் இருக்கும்."

இருந்தது. மார்லா கெல்சோ போன மார்ச்சில் மார்லா டென்டன் ஆகியிருந்தாள். மார்லா டென்டனுக்கு வில்லோ சாலையில் ஒரு சின்ன வீடு.

விலாசச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "நீங்க நல்லா இருக்கணும் மேடம்."

"பூவப் பாத்தா மனசு இளகிடும், போங்க. அது சரி, ஷூவுக்கு நாடா எங்க? படியில விழுந்து வெச்சிடாதீங்க!"

அவன் குனிந்து பார்த்தான். சிரித்தான். "வாங்கிக்க மறந்துட்டேன்."

அவன் போய்ச் சற்று நேரம் கழித்து பெக்கியின் போன் மறுபடி அடித்தது. இந்த முறை லோர்னா எழுந்து போய் எடுத்தாள்.

"பெக்கி, எங்க போயிட்டீங்க? எத்தன தடவ அடிக்கிறது! இன்னைக்கும் உள்ளதானே இருக்கான்?" மூச்சுவிடாமல் கேட்டது ஒரு பெண் குரல்.

"பெக்கி லீவும்மா. நான் லோர்னா. யாரு உள்ள இருக்கானான்னு பாக்கணும்? பேரச் சொல்லுங்க."

"டுவைன் கெல்சோ."

லோர்னாவின் விரல்கள் கணினியில் தாமாகத் தட்டின. கெல்சோ, டுவைன். மனைவியை அடித்து எலும்பை முறித்த வழக்கு. இன்று காலை எட்டு மணிக்கு விடுதலை. உள்ளே போகும்போது ஷூ நாடாவைக் கழற்றி வாங்கிவைத்து, வெளியே வரும்போது திருப்பித் தருவது சிறை வழக்கம்.

அவள் மேசையில் பெயர் மாற்றக் கோப்பு இன்னும் திறந்தே கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே தெரு காலியாக இருந்தது.

"அம்மா... வில்லோ ரோட்டு வீட்டுல இருந்தீங்கன்னா, இந்த நிமிஷமே வெளிய வந்துடுங்க."



"என் விலாசம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"