கன்னத்தைத் தொட்ட விரல்

ஜன்னல் தட்டிகளின் வெயில் மேசையில் வரிவரியாகக் கிடக்கிறது. சத்தியம் செய்து சாட்சி சொல்ல உட்கார்ந்திருக்கும் ப்ரூயிட், டையில் சிந்திய டோனட் சர்க்கரையைத் தட்டுகிறார். 'சம வாய்ப்பு அதிகாரி, நகராட்சி' என்று பொன்னெழுத்தில் மின்னும் அவருடைய அட்டையை, வழக்கறிஞர் டஃபோயா எச்சில் தம்ளரைப் போல விரல்நுனியால் தள்ளிவைக்கிறாள். பக்கத்தில் அவள் கட்சிக்காரர், வெளுத்த நிறத்துக் கெஷிஷியான், தார் ஏறிய நகங்களை மடக்கிக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட எல்லாரையும்விடக் குறைந்த விலை கேட்டவர் அவர்தான். டெண்டரில் சிறுபான்மை இனத்தவருக்குக் கூட்டிக்கொடுக்கும் பத்துப் புள்ளி அவருக்குக் கிடைக்காமல் வேலை கைநழுவிப் போயிற்று.

"இவருக்குப் புள்ளி கிடையாதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"நேர்ல வரச்சொல்லிப் பாத்தோம், மேடம்."

"என்னத்தப் பாத்தீங்க?"

ப்ரூயிட் தன் கன்னத்தை விரலால் தொட்டுக் காட்டுகிறார். சாட்சியத்தைத் தட்டச்சு செய்யும் லோர்னாவின் கைகள் நின்றுவிடுகின்றன.

"ஜாடைய டைப் பண்ண முடியாது சார். வாயால சொல்லுங்க."

டஃபோயா அவசரப்படவில்லை. இத்தனை வருஷம் கூசாமல் நிறம் பார்த்த மனுஷனுக்கு, சொல்ல மட்டும் கூசுகிறது. காது மடல் சிவக்கிறது. விரல் இன்னும் கன்னத்திலேயே இருக்கிறது.

"இதையெல்லாமா எழுதுவீங்க?" என்கிறார் மெல்ல.

லோர்னா அதையும் எழுதிக்கொள்கிறாள்.