சீப்பில் எட்டுப் பூச்சிகள்

விலங்குகள் காப்பகத்திலிருந்து பூனை வந்து நாலு நாள்தான் ஆகிறது. அதற்குள் மாமியாரின் காலெல்லாம் தெள்ளுப்பூச்சிக் கடி.

"அதுவா நானான்னு இன்னைக்கே முடிவு பண்ணு!"

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம், அத்தை" என்று கெஞ்சி, மருமகள் பூனையோடு அவரையும் காரில் அழைத்துப் போனாள்.

துண்டுக்குள் நடுங்கிய பூனையை மருத்துவர் மெல்லச் சீவினார். சீப்பில் எட்டுப் பூச்சிகள்.

"பாத்தீங்களா? கூட்டத்தோட வந்திருக்கு!" என்றார் மாமியார்.

"ஒண்ணாவது குதிக்குதா, பாருங்கம்மா. எல்லாமே செத்தது. காப்பகத்துல, நாக்கு எட்டாத இடமாப் பாத்து, பிடரியில மருந்து விட்டிருக்காங்க. ஒரு மாசத்துக்கு இது மேல ஏறுற பூச்சி பிழைக்காது."

"அப்ப என்னைக் கடிச்சது?"

"வீடு புதுசா?"

"குடிவந்து ஒரு வாரம். முன்னாடி நாலு மாசம் பூட்டிக் கிடந்துச்சு" என்றாள் மருமகள்.

"அந்த வீட்டுப் பழைய கம்பளத்துல பூச்சிங்க கூட்டுக்குள்ள தூங்கியிருக்கும். உங்க காலடி அதிர்வுல முழிச்சிருக்கு. உங்களைக் கடிக்க வேண்டியதுல பாதியை இந்தப் பூனை தன் மேல வாங்கிக் கொன்னிருக்கு."

மாமியார் இரு கைகளையும் நீட்டினார். பூனையைத் துண்டோடு வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"போறப்ப காரை மெதுவா ஓட்டும்மா. பிள்ளை பயப்படுது."