கவிழ்த்து வைத்த செய்தி

“பாதி வார்த்தைய மென்னு முழுங்கிடுறா! இவளை யாரு நியூஸ் வாசிக்கக் கூப்பிட்டது?” ஜெனரேட்டர் ஆபரேட்டர் போனைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்.

“அவ ஒழுங்காத்தான் வாசிக்கிறா. நீங்க ஒழுங்கா கேளுங்க,” என்றாள் மனைவி. கூரியர் ஆபீஸில் நாள் முழுக்க இங்கிலீஷில் போன் பேசுகிறவள் அவள். இப்போது வீட்டுக்கு வந்தால் வாத்தியாரம்மா.

மறுநாள் திங்கட்கிழமை அவருக்குப் போனிலேயே ஒரு இங்கிலீஷ் டெஸ்ட் இருந்தது. வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். பதில் சொல்லிவிட்டால் அவர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே கன்ட்ரோல் ரூமில் சூப்பர்வைசர் வேலை. கோட்டை விட்டால் அது சுருட்டைக்குப் போய்விடும். சுருட்டை, அவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தவன். அவர் மட்டும் ரிட்டயர் ஆகிறவரைக்கும் அந்த உறுமுகிற இன்ஜின்களோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

அதற்காகத்தான் ரெண்டு மாசமாகப் போனில் இங்கிலீஷ் நியூஸ் வீடியோ போட்டு இந்தப் படிப்பு. ஒரு செய்தியைக் கேட்க வேண்டும், நிறுத்த வேண்டும், அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஜோராகத்தான் போனது. வாசிக்கிறவளைப் பார்த்துக்கொண்டே, அவள் சொல்லச் சொல்ல இவரும் சொல்லிவிடுவார். புயல், தேர்தல், பங்குச்சந்தை, எதுவும் தப்பாது. வேலை இடத்தில் ‘நியூஸ் ரீடர் வர்றார், வழி விடுங்கப்பா’ என்று கிண்டல் செய்கிற அளவுக்கு நாக்கு திரும்பியிருந்தது.

போன வாரம்தான் குட்டு உடைந்தது. ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று மனைவி ஆபீஸிலிருந்து போன் போட்டு இங்கிலீஷில் பேசினாள். ‘ஹலோ’வுக்கு அப்புறம் எதுவுமே அவருக்குப் பிடிபடவில்லை. ‘பார்டன், பார்டன்’ என்று திணறிவிட்டு, கடைசியில் கட் பண்ணிவிட்டார்.

“கீழே ஓடுற எழுத்தைப் படிச்சுட்டு, அவ மூஞ்சியையே பார்த்துட்டு உக்காந்திருந்தா இங்கிலீஷ் எப்படி ஏறும்?” என்று அன்றைக்கு ஒரு பிடி பிடித்தாள். அதிலிருந்து போனைக் கவிழ்த்து வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டாள்.

இன்றைக்கும் அதே கதைதான். போனை எடுத்துத் திரும்பவும் மேஜையில் கவிழ்த்தாள். சத்தத்தையும் குறைத்தாள்.

“ஏன் குறைக்கிறே?”

“பக்கத்து வீட்டுக்காரர் உங்க புண்ணியத்துல இங்கிலீஷ் கத்துக்கிட்டாராம். நன்றி சொல்லச் சொன்னாரு. நாளைக்குப் பேசப் போற இன்ஜினியர் மைக் வச்சா கத்துவான்?”

“அதுக்காக இவ்வளவு வேகமாவா வாசிப்பா ஒருத்தி?”

“நின்னு நிதானமா பேச அவ என்ன உங்க மாமன் மகளா? நான் துணி காயப்போட்டுட்டு வர்றேன். போனைத் திருப்பினீங்க, தொலைஞ்சீங்க.”

பால்கனிக்குப் போய்விட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். ஆ, ஓ, ஊ என்று ஏதோ ஒழுகிக்கொண்டு போனதே தவிர, ஒன்றுகூட வார்த்தையாக நிற்கவில்லை. எந்த நாடு, எந்த மந்திரி, என்ன ஆச்சு, ஒரு மண்ணும் தெரியவில்லை.

மனைவி ஈரச் சட்டையோடு வந்து எதிரில் நின்றாள். “என்ன நியூஸ்னு அங்கேருந்து ரெண்டு வாட்டி கேட்டாச்சு. பதில் சொன்னா கௌரவம் குறைஞ்சிடுமோ?”

“நீ எப்போ கேட்டே?”

“சரி சரி, கோவம். அதை அந்த இன்ஜினியர்கிட்ட காட்டுங்க.” விசுக்கென்று திரும்பிப் போனாள்.

அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. இன்ஜின் எந்த இடத்தில் மக்கர் பண்ணுகிறது என்று கை வைத்தே சொல்லிவிடுகிற ஆள் அவர். பேப்பரைக் கொடுத்தால் இங்கிலீஷைத் தப்பில்லாமல் படிப்பார். பேசச் சொன்னாலும் பேசுவார். இந்தக் கேட்கிற சனியன் மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது?

அந்தச் செய்தி முடிந்தது. கொஞ்ச நேரத்தில் அடுத்தது தானாகவே ஓட ஆரம்பித்தது. இந்தத் தடவை ஆம்பளைக் குரல். சரி, இவனாவது கொஞ்சம் இரக்கப்படுவான் என்று முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

எங்கே? இவன் அவளுக்கு அண்ணன். அடைமழை மாதிரி கொட்டிக்கொண்டே போனான். அவர் உதட்டைக் குவித்துத் திருப்பிச் சொல்லப் பார்த்தார். ‘ஊ’ என்று மட்டும்தான் வந்தது.

மேஜையில் ஓங்கி ஒரு அறை விட்டார். “போதும்டி! எனக்கு வேணாம் இந்த வேலை!”

மனைவி அடித்துப்பிடித்து ஓடி வந்தாள்.

“சுருட்டையே உக்காரட்டும் அந்தச் சேர்ல! இவ்வளவு நாள் நாலு வார்த்தையாவது தேறுச்சு. இப்போ எவனோ ஒருத்தன் வந்திருக்கான், இவன்கிட்ட ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை புரியல. இந்த ஜென்மத்துல எனக்கு இங்கிலீஷ் வராது, ஆளை விடு!”

வழக்கமாக ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பிக் கொடுப்பவள், குனிந்து போனுக்குக் காது கொடுத்தாள். போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கையிலிருந்த துணி நழுவித் தரையில் விழுந்தது.

மெதுவாக வந்து, அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னங்க... இப்போ ஓடுறது தமிழ் நியூஸ்ங்க.”